ஏன் அக்காவும் என் லாரியும்

நான் குப்பை லாரி ஓட்டுகிறவன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளித்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வேன். சுளிக்காதவர்களிடம் என் தங்கச்சியைப் பற்றிச் சொல்வேன். ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருக் கோடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. எங்கள் வார்டுக் குப்பை முழுவதும் முதலில் அங்கேதான் வரும். அங்கே பிரித்து எடுத்தது போக மிச்சத்தை நான் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருக்கும் குப்பை மேட்டில் கொட்ட வேண்டும். கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள் என் தங்கச்சி. அவளோடு நாலைந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் ‘ஏன் அக்கா’. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்களைப் பெற்ற அம்மாவே ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் சாதாரணம். யார் எதைக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “இது ஏன் இங்க வந்துச்சு?” என்பதுதான். திட்டுவதுபோல் கேட்க மாட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்பாள். அதுதான் ஆளை ஒரு வழி பண்ணிவிடும். திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன பதில் சொல்வது?

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் அப்பா புதுப் பை வாங்கித் தருகிறேன் என்றால், “பழசுக்கு என்னப்பா ஆச்சு?” என்று கேட்பாள். அப்பாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? அவளுக்கு வராத புதுப் பை எனக்கும் வராது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அவள் முதலில் துணிக் கம்பெனி ஒன்றில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். மாப்பிள்ளை மின்விசிறி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் பழுது பார்க்கிறவர். கைவேலை பிரமாதம், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். ஒருவர் வருமானம் போதாமல்தான் அவள் கொட்டகை வேலைக்கு வந்தாள். “நாத்தனார் குப்பை பொறுக்கவா போறாங்க?” என்று என் மனைவி இழுத்தாள். “நான் ஓட்டுறது என்ன பூ லாரியா?” என்று கேட்டேன். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில் நகராட்சி இன்ஜினியர் எல்லோருக்கும் பாடம் எடுத்தார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். தலைகீழ் முக்கோணம் ஒன்றை வரைந்து காட்டினார். அகலமான மேல் பகுதியில் ‘குப்பையே உண்டாகாமல் பார்த்துக்கொள்’. அதற்குக் கீழே ‘குறைத்துக்கொள்’. பிறகு ‘அதையே மறுபடி பயன்படுத்து’. பிறகு ‘உருக்கியோ மக்க வைத்தோ வேறு பொருளாக்கு’. பிறகு ‘எரித்தாவது அதன் சூட்டைப் பயன்படுத்து’. கடைசியில், மூக்குத்தி அளவுக்கு ஒரு முனை. அதில் ‘கொட்டு’ என்று எழுதியிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். நான் நன்றாகவே தூங்கினேன். அவள் மட்டும் கையைத் தூக்கி, “சார், அப்ப நாங்க இப்ப எங்க இருக்கோம்?” என்று கேட்டாளாம். “கீழ் முனையிலம்மா” என்றாராம் அவர்.

அடுத்த வாரம் நான் கொட்டகைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க அந்த முக்கோணம். யார் யார் வீட்டிலோ வெள்ளையடித்து மிஞ்சிய பெயின்ட்டை வாங்கி வரைந்திருந்தாள். அதனால் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நிறம். கீழ் முனையில் குட்டியாக ஒரு லாரி, சக்கரம் கோணலாக இருந்தது.

“என்ன தங்கச்சி, உன் அண்ணனை அடிமட்டத்துல வெச்சிட்டியே?”

“உன்னை மேல கொண்டுவர முடியாது அண்ணே. சின்னதா வேணா ஆக்கலாம்.”

அப்போது சிரித்துவிட்டேன். அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பதை மறந்துபோய்ச் சிரித்துவிட்டேன்.

கொட்டகைக்குள் ஒரு பக்கம் செங்கல் தொட்டிகள். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் அங்கே போகும். ஒரு அடுக்கு ஈரக் குப்பை, அதன்மேல் ஒரு அடுக்குக் காய்ந்த இலை. தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்பாள். சூடு குறைந்தால் கிளறச் சொல்வாள், காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்கச் சொல்வாள். மக்கியதைச் சலித்து எடுத்தால் மழை பெய்த மண்ணின் வாசம்தான் வரும். வேறு நாற்றம் வந்தால் அன்றைக்கு அவள் முகத்தில் ஈ ஆடாது. இன்னொரு பக்கம் மேசை போட்டு அட்டை, பாட்டில், தகரம், கண்ணாடி என்று பிரிப்பார்கள். கழுவ முடியாத பிளாஸ்டிக் கவர்களைக் கட்டுக் கட்டாக அழுத்திச் சிமென்ட் ஆலைக்கு அனுப்புவார்கள், அங்கே அது அடுப்புக்குப் போகும். எதற்கும் உதவாதது மட்டும் எனக்கு.

இதெல்லாம் மற்ற கொட்டகைகளிலும் நடப்பதுதான். என் தங்கச்சி அதோடு நிற்கவில்லை. கவர் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு கடை கடையாகப் போனாள். டீக்கடைக்காரர் காகிதக் கப்பை விட்டுவிட்டுப் பழைய கண்ணாடி டம்ளருக்கே திரும்பினார். அவருக்குக் கழுவ ஆள் வேண்டியிருந்தது, அதையும் இவளே பார்த்துக் கொடுத்தாள். வீட்டு விசேஷங்களுக்கு ஒருமுறை சாப்பிட்டுத் தூக்கிப்போடும் தட்டு வாங்காதீர்கள் என்று எவர்சில்வர் தட்டும் டம்ளரும் சேர்த்து வைத்து இரவல் கொடுத்தாள். கழுவாமல் திருப்பிக் கொடுத்த ஒரு வீட்டுக்கு அவளே நேரில் போய், அவர்கள் பக்கத்தில் நின்று, கழுவ வைத்துவிட்டு வந்தாள். “சாப்பிட்ட வாய் வாழ்த்தணும், இப்படி முணுமுணுக்கக் கூடாது” என்று வேறு சொன்னாளாம்.

இப்படியே போய், தினமும் எங்கள் வார்டுக்கு வந்துகொண்டிருந்த என் லாரி வாரத்துக்கு ஒரு நடையாகிவிட்டது. லாரிக் கொட்டடியில் கூட்டாளிகள் என்னை வாட்டி எடுத்தார்கள். “என்னப்பா, தங்கச்சி உனக்கு ஓய்வு குடுத்துட்டாங்க போல?” என்பான் ஒருவன். “ஓய்வு இல்லடா, அடுத்த வார்டுல ரெண்டு மடங்கு அள்ளுறேன்” என்பேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்காது. ஊரிலேயே லாரியைச் சாலையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு நிதானமாக டீ குடிக்கும் குப்பை லாரிக்காரன் நான் ஒருவன்தான்.

அந்த நேரத்தில்தான் பள்ளத்தில் குச்சிகள் முளைத்தன.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், மற்ற நாளில் பிள்ளைகள் பந்து விளையாடும். தெருவிலுள்ள கை பம்புகளுக்கெல்லாம் அங்கே ஊறுகிற தண்ணீர்தான். ஒருநாள் காலையில் அளவுக்காரர்கள் வந்து, நுனியில் சிவப்பு பெயின்ட் அடித்த குச்சிகளைப் பள்ளத்தைச் சுற்றி நட்டுவிட்டுப் போனார்கள். விசாரித்தால், பழைய குப்பை மேடு நிரம்பிவிட்டதாம். புது மேடு எங்கள் பள்ளமாம்.

மேட்டுக்கு அருகில் குடியிருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் நிறம் தெரியும். அங்கே குழந்தைகள் எந்நேரமும் இருமுவது தெரியும். பல வருஷமாக அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறவன் நான்தானே. அதே லாரியை ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டுக் கொல்லையிலேயே கொட்டவா?

தங்கச்சி இன்ஜினியரைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன், சண்டை போடலாம் என்கிற எண்ணத்தோடுதான். அவள் என்னைப் பேசவே விடவில்லை.

“சார், மேட்டுக்கு எவ்வளவு வருதுங்கறதைப் பொறுத்துத்தானே புது இடம் வேணும்?”

“ஆமாம்மா.”

“எங்க வார்டுல இருந்து என்ன போகுதுன்னு நீங்க வந்து பாருங்க. மத்த வார்டும் அப்படி ஆச்சுன்னா பழைய மேடே போதும்ல?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் நம்புறேம்மா. ஆனா நகர்மன்றத்துல நான் சொன்னா மட்டும் எடுபடாது. லாரி போற நாள்ல நானே வர்றேன். ஏத்துறதைப் பார்க்குறேன், லாரியோட மேடு வரைக்கும் போறேன். பாதி லாரி கூட இல்லைன்னா, பள்ளம் வேண்டாம்னு தைரியமா எழுதுவேன். அதுக்கு மேல இருந்தா என்னால பேச முடியாது.”

“வாங்க சார்” என்றாள். பாதி லாரி என்ன, வழக்கமாக அடிப்பலகையைத் தாண்டினாலே அதிசயம். நாங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

எங்கள் தெருக்காரர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்லவர்கள். ஏன் அக்கா என்றால் உயிரை விடுவார்கள். ஆனால் பெரிய மனுஷர் யாராவது வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், வீட்டைத் துடைத்து எடுக்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. இன்ஜினியர் வருகிறார் என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. ஏன் அக்காவுக்கு நம்மால் கெட்ட பெயர் வரக் கூடாது, தெரு பளிச்சென்று இருக்க வேண்டும். உடனே பரணைக் காலி செய்தார்கள், கட்டிலுக்கடியைக் காலி செய்தார்கள். அவள் வேலை முடித்து வீட்டுக்குப் போனதற்கு அப்புறம், சாயங்காலம், எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பிவிட்டார்கள். தெரு பளிங்குபோல் இருந்தது. என்னத்தைச் சொல்ல.

காலையில் நான் லாரியோடு வந்தபோது கொட்டகைக் கதவைத் திறக்க முடியவில்லை. கால் போன நாற்காலி, கைப்பிடி இல்லாத குக்கர், மெத்தை, மூன்று சக்கர சைக்கிள், தொட்டில், உடைந்த அலமாரி, ஓடாத மின்விசிறி. கூரை உயரத்துக்குக் குவியல். மூன்று நடை அடித்தாலும் தீராது. என் தங்கச்சி அதற்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குவியலை மேலும் கீழும் பார்த்தேன். நடுவில் என் ரேடியோ கிடந்தது. என் சொந்த ரேடியோ. என் மனைவியின் கைங்கரியம். அவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“தங்கச்சி, நேரம் இருக்கு. ஆளுக்கு ஒரு கை பிடிங்க. இன்ஜினியர் வர்றதுக்குள்ள முடிஞ்ச வரைக்கும் மேட்டுல கொட்டிட்டு ஓடி வந்துடுறேன். மிச்சத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிடு. அவருக்கு எப்படித் தெரியும்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மேட்டுல இடம் இல்லைன்னுதானே நம்ம பள்ளத்தைக் கேக்குறாங்க? நீயே கொண்டுபோய் அங்க நிரப்பப் போறியா?”

“பள்ளம் போயிடும்டி.”

“போகாது. நீ போய் ஹாரன் அடி.”

“என்னது?”

“தெரு முழுக்கக் கேக்குற மாதிரி அடி அண்ணே.”

அடித்தேன். ஆத்திரத்தையெல்லாம் அதில் காட்டி அடித்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஆண்கள் வந்தார்கள், கரண்டியோடு பெண்கள் வந்தார்கள். ஏதோ பாராட்டு விழா என்று நினைத்துச் சிலர் தலை சீவிக்கொண்டு வந்தார்கள். என் தங்கச்சி ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். நாற்காலி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

“இது ஏன் இங்க வந்துச்சு?”

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் முன்னால் வந்தார். அவருடைய நாற்காலி. “கால் ஆடுதும்மா. இன்ஜினியர் வர்றார், அதான் சுத்தமா இருக்கட்டுமேன்னு...”

“வீடு சுத்தமாச்சு வாத்தியாரே. இந்தக் குவியல் லாரில ஏறினா மூணு லாரி. பாதி லாரிக்கு மேல போனா பள்ளம் போச்சு. அந்தப் பள்ளத்துல முதல்ல வந்து விழப்போறது உங்க நாற்காலிதான், உங்க பம்புக்குப் பின்னாடியே.”

வாத்தியாரின் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்போது கூட்டத்தின் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

“ஸ்க்ரூ போட்டா நிக்கும்.”

எல்லோரும் திரும்பினோம். மாப்பிள்ளை. கையில் கருவிப் பை. கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நேராக வந்து நாற்காலியை வாங்கித் தலைகீழாக வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நடந்தது சந்தைதான். குவியலைப் பிரித்துத் தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தார்கள். என் தங்கச்சி சட்டம் போட்டாள்: தன்னுடையதைத் திருப்பி எடுத்துப் போகலாம், இல்லையா, அடுத்தவருடையதில் வேண்டியதை எடுக்கலாம், வெறுங்கையோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. தொட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போனது. மெத்தையைப் பிரித்துப் பஞ்சை உதறித் தலையணைக்கு ஆளாளுக்கு அள்ளினார்கள். அலமாரிப் பலகைகளைப் பேக்கரிக்காரர் தட்டு வைக்க வாங்கிக்கொண்டார். குக்கருக்குப் பக்கத்து வீட்டு ஓட்டைக் குக்கரின் கைப்பிடியே பொருந்தியது. அந்த இரண்டு வீட்டாருக்கும் வெகுநாளாகப் பேச்சு வார்த்தை கிடையாது. இப்போது கைப்பிடி மாட்டிய சாக்கில் பேசிக்கொள்கிறார்கள். என் ரேடியோவை வாத்தியார் எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “வெறுங்கையோட போகக் கூடாதுன்னு சட்டம்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இன்ஜினியர் வந்து இறங்கியபோது சந்தை இன்னும் முடியவில்லை. அவர் நாலாபுறமும் பார்த்தார்.

“என்னம்மா இது?”

வழக்கமாகப் போகும் குப்பை இவ்வளவுதான் சார் என்று எதையாவது காட்டிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீங்கள் வருகிறீர்கள் என்று ஊரே பரணைக் காலி செய்துவிட்டது, மூன்று லாரி இருந்தது, இவ்வளவு வீட்டுக்குத் திரும்பிவிட்டது, மிச்சம் இதோ. இதில் அட்டையும் இரும்பும் மேசைக்குப் போகும், கவர்கள் கட்டுக்குப் போகும், வேறு வழியே இல்லாததுதான் லாரிக்கு.

“ஏத்துங்க” என்றார் அவர்.

ஏற்றினோம். உடைந்த பீங்கான், நைந்துபோன ஸ்பாஞ்சு, பிய்ந்த செருப்புகள், இன்னும் சில சில்லறைச் சனியன்கள். கடைசிக் கூடையைக் கவிழ்த்ததும் அவர் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குச் சத்தத்திலேயே தெரியும். நிறைந்த லாரியில் கூடை கவிழ்ந்தால் பொத்தென்று கேட்கும். இது தகரத்தில் கலகலவென்று விழுந்தது.

“இவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்” என்றாள்.

மேடு வரைக்கும் அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். பின்னால் குப்பை ஒவ்வொரு குழிக்கும் குலுங்கிக்கொண்டே வந்தது. பாதி வழியில், “அந்த முக்கோணத்தை நான் எத்தனையோ ஊர்ல வரைஞ்சு காட்டியிருக்கேன்” என்றார். “மேல் படியில இருந்து ஆரம்பிச்சு இறங்கினவங்களை இப்பத்தான் பார்க்குறேன். அவங்க உங்களுக்குச் சொந்தமா?”

“என் தங்கச்சி சார். கூடப் பிறந்தவ” என்றேன். தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தேன்.

அவர் எழுத வேண்டியதை எழுதினார். மன்றத்தில் வாதாடினார் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு மாதத்துக்கு எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. தண்ணீர் அடிக்கப் போகிறவர்கள் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தார்கள். ஒருநாள் லாரி நாளன்று இன்ஜினியர் மறுபடியும் வந்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே பள்ளத்துக்குப் போனார். சிவப்பு நுனிக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஆளை வைத்துப் பிடுங்கியிருக்கலாம், அவரே பிடுங்கினார். தெருவே வேலியோரம் கூடி நின்று பார்த்தது. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனாரை நினைத்து அவள் கண் கலங்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். சட்டையெல்லாம் மண்.

“பள்ளம் உங்களுக்குத்தாம்மா” என்றார். “மத்த வார்டுக்கும் நீங்க வந்து சொல்லித் தரணும்னு மன்றத்துல கேக்குறாங்க. லாரில அண்ணன் கூட்டிட்டுப் போவார்.” பிறகு என் பக்கம் திரும்பிக் கட்டை நீட்டினார். “இதையும் உங்க வண்டில போட்டுடுங்க.”

நான் கையை நீட்டினேன். என் தங்கச்சி குறுக்கே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் எப்போதும்போல் இருந்தது.

“இது ஏன் சார் லாரிக்குப் போகணும்?”

கட்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டாள். எங்கள் உரம் போட்டு வளர்ந்த தக்காளிச் செடிகள் அங்கே காய் கனம் தாங்காமல் மண்ணில் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு குச்சியாக ஊன்றி, கந்தல் துணியைக் கிழித்துக் கட்டினாள். இன்ஜினியரும் முழங்காலிட்டு உட்கார்ந்து செடியைத் தூக்கிப் பிடித்தார்.

அந்த வாரம் மேட்டுக்கென்று வேறு எதுவும் மிஞ்சவில்லை. அன்றைக்கு நான் லாரியைக் காலியாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.